110 கொரொல்லா: நெரிசலில் சூடேறுது, ஓடினால் இறங்குது. எங்க பார்க்கணும்?

கேள்வி (ஆரையம்பதி)

வணக்கம். 1998ஆம் ஆண்டு 110 கொரொல்லா, 5ஏ-எஃப்ஈ பெற்றோல் இன்ஜின், கை கியர். கச்சான் காத்து அடிக்கிற நாளில ஏ.சி. போட்டுக்கொண்டு காத்தான்குடி மெயின் ரோட்டில ஊர்ந்து போனா சூட்டு முள் பாதியைத் தாண்டி முக்காலுக்கு ஏறுது. நாவற்குடா பக்கம் ரோடு விட்டு 50இல ஓடினா திரும்பப் பாதிக்கு வருது. ஏ.சி.யை நிப்பாட்டினாலும் மெல்ல இறங்குது.

வாங்கும்போதே ரெண்டு ஃபேனும் டைரக்ட் பண்ணியிருந்திச்சு. சாவி போட்டதும் ரெண்டும் சுத்தும். தெர்மோஸ்டட்டை (தண்ணி சூடானா வழி திறக்கிற வால்வு) கழற்றி எறிஞ்சிருக்காங்க. ரேடியேட்டர்ல கிணத்துத் தண்ணிதான், துருநிறமாக் கிடக்கு. சூடாகும்போது பக்கத்துப் போத்தல் நிரம்புது, ஆறினபிறகு தண்ணி திரும்பிப் போகுதில்ல. ஒயில் சுத்தம், வெள்ளைப் புகை இல்ல.

கராஜ்ல ரேடியேட்டர் மாத்தச் சொல்றாங்க. இன்னொருத்தர் ஹெட் காஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில உள்ள அடைப்புத் தகடு) என்கிறார். காசு செலவழிக்க முன்னம் வீட்டு வளவுக்குள்ள நானே எதைப் பார்க்கலாம்? மல்டிமீற்றரும் சாவி செற்றும் இருக்கு.

மறுமொழி (காத்தான்குடி)

தம்பி, ரேடியேட்டரையும் ஹெட்டையும் இப்ப தொடவேணாம். நின்றா ஏறுது, ஓடினா இறங்குது என்றாலே காத்து போதாது என்றுதான் அர்த்தம். 40, 50இல ஓடும்போது வாகனத்தின்ட ஓட்டமே ரேடியேட்டருக்குள்ள காத்தைத் தள்ளிவிடும், ஃபேன் தேவையில்ல. ஊரும்போது முழுப் பொறுப்பும் ஃபேன்லதான். ஹெட் போன வாகனம் இப்படி நடக்காது. அது பாரம் ஏறினா, வேகம் கூடினா கூடுதலாச் சூடாகும்.

ஃபேன் சுத்துது என்றீங்க. எந்தப் பக்கம் காத்து போகுது என்று பார்த்தீங்களா? டைரக்ட் பண்ணின வாகனங்கள்ல முதல் சந்தேகம் அதுதான். இந்த மோட்டருக்கு ரெண்டு வயர். பிளஸ், மைனஸ் மாறிக் கொடுத்தா தலைகீழாச் சுத்தும். சத்தமும் வரும், காத்தும் வரும், ஆனா இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காத்தை முன்னுக்குத் தள்ளும். ஓடும்போது எதிர்க்காத்தோட மல்லுக்கட்டும்.

பார்க்கிற முறை: இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஓன் பண்ணுங்க. கொப்பித்தாள் ஒண்டை முன் கிரில்லுக்கு உள்ளால, ரேடியேட்டருக்கு முன்னால நிக்கிற ஏ.சி. கண்டென்சர்ல வையுங்க. தாள் ஒட்டி நிக்கணும். விழுந்தா, பறந்தா அந்த ஃபேன் தலைகீழ். ரெண்டு ஃபேனுக்கும் நேரே தனித்தனியா வச்சுப் பாருங்க. 110இல ரெண்டும் ரேடியேட்டருக்குப் பின்னால பக்கத்துப் பக்கத்தில நின்று இழுக்கிறவை. ஒண்டு இழுக்க, மத்தது தள்ளினா ஒரே சூட்டுக் காத்துத்தான் ரெண்டுக்கும் இடையில சுத்திக்கொண்டிருக்கும், வெளிக்காத்து வராது. ஃபேனைச் சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் கூடு உடையாம இருக்கா என்றும் பாருங்க. கூடு இல்லாட்டி ஃபேனுக்கு நேரே உள்ள இடம் மட்டும்தான் குளிரும்.

மறுகா, கம்பனி வயரிங்குக்கு மாத்திவிடுங்க. இந்த டொயோட்டாக்கள்ல தண்ணிச் சூட்டைப் பார்த்து வேலை செய்யிற ஃபேன் சுவிட்ச்சின்ட விதம் தெரியாமத்தான் முக்கால்வாசிப் பேர் டைரக்ட் பண்றது. தண்ணி ஆறியிருக்கும்போது சுவிட்ச் மூடியிருக்கும், கரண்ட் அதுக்குள்ளால போகும். அந்தக் கரண்ட் ரிலேயை இழுத்து வச்சு ஃபேனை நிப்பாட்டி வைக்கும். தண்ணி 93 பாகைக்கு வந்தா சுவிட்ச் திறக்கும், ரிலே விடும், ஃபேன் ஓடும். 83க்குக் கீழ இறங்கினா திரும்ப நிக்கும். இதில உள்ள நன்மை, சுவிட்ச் வயர் அறுந்தாலும் ஃபேன் ஓடுமே தவிர நிக்காது. அதனால இன்ஜின் ஆறியிருக்க, ஏ.சி. ஓஃப்ல, சாவியை ஓன் பண்ணி அந்தச் சுவிட்ச் சொக்கெட்டைக் கழற்றுங்க. ஃபேன் ஓடினா மோட்டர், ரிலே, 30 அம்பியர் ஃபியூஸ், வயர் எல்லாம் சரி. சொக்கெட்டை மாட்டினதும் நிக்கணும். ஆறின இன்ஜின்ல மாட்டியும் ஓடுது என்றா சுவிட்ச் பழுது, இல்லாட்டி ரிலே பழுது.

டைரக்ட் வயர் இக்னிஷன் சுவிட்சால நேரே போயிருந்தா அதை உடனே கழற்றணும். ஃபேன் கரண்ட் அந்தச் சின்ன கொன்டாக்ட்டைக் கருக்கிப்போடும். ஒரு நாள் சாவி திருப்பினா ஒண்டும் வராது.

மறுமொழி (அக்கரைப்பற்று)

மேல சொன்னது சரி. அதோட தெர்மோஸ்டட்டும் கட்டாயம் திரும்பப் போடணும். எங்கட பக்கம் சூட்டு ஊர் என்று சொல்லிக் கழற்றி எறியிறாங்க. இந்த இன்ஜினுக்கு அது நேர்மாறான வேலை.

இதில தெர்மோஸ்டட் கீழ் ஹோஸ் பக்கம், தண்ணி இன்ஜினுக்குள்ள போற வாயில இருக்கு. அதின்ட அடியில இன்னொரு தட்டு உண்டு. சூடாகி மேல் வாய் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும், அப்பதான் தண்ணி முழுக்க ரேடியேட்டருக்குப் போகும். தெர்மோஸ்டட் இல்லாட்டி பைபாஸ் எப்பவும் திறந்தபடி. சூட்டுத் தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குள்ள சுத்தும். அதனால நெரிசல்ல சூடு கூடும். விடியக்காலையில நேர்மாறு: இன்ஜின் சூடாக நேரம் எடுக்கும், கொம்பியூட்டர் இன்னும் ஆறியிருக்கு என்று நினைச்சு பெற்றோலைக் கூட ஊத்தும். பெற்றோல் செலவும் ஏறும், புகைப் பரிசோதனையிலும் தட்டுப்படும்.

82 பாகை தெர்மோஸ்டட் வாங்குங்க, ரப்பர் வளையமும் புதுசு. போட முன்னம் அடுப்பில சோதியுங்க. சட்டித் தண்ணியில நூல் கட்டித் தொங்கவிடுங்க, சட்டியின் அடியில முட்டக்கூடாது. 80க்கும் 84க்கும் இடையில திறக்கத் தொடங்கணும், 95இல 8 மில்லிமீற்றராவது திறந்திருக்கணும். தெர்மோமீற்றர் இல்லாட்டி, கொதிக்கிற தண்ணியில முழுசாத் திறந்து, வெளியில எடுத்து ஆறினதும் இடைவெளி இல்லாம மூடுதா என்று பாருங்க. பூட்டும்போது அதில ஆடுற சின்ன ஊசி வால்வு மேல்பக்கம் இருக்கணும். காத்து அதுக்குள்ளாலதான் வெளியேறும். கீழ போட்டா காத்து அடைச்சு நிக்கும்.

மறுமொழி (வாழைச்சேனை)

82 எதுக்கு? 76.5 பாகை ஒண்டு விக்கிறாங்க. அதைப் போட்டா எங்கட வெயிலுக்கு இன்னும் நல்லது தானே. ஃபேனுக்கும் டாஷ்போர்ட்ல ஒரு சுவிட்ச் வச்சா நினைச்ச நேரம் போடலாம்.

மறுமொழி (அக்கரைப்பற்று)

இல்ல நானா, ரெண்டுமே வேணாம். தெர்மோஸ்டட் தீர்மானிக்கிறது எப்ப திறக்கத் தொடங்கணும் என்றதை மட்டும். காத்து போதாம 100க்கு ஏறுற வாகனத்தில 76.5உம் முழுத் திறப்பு, 82உம் முழுத் திறப்பு. வித்தியாசம் வராது. கை சுவிட்ச், வேற ஒராள் ஓட்டுற அன்றைக்கு மறந்துபோகும். வீட்டில நாலு பேர் ஓட்டுற காருக்கு அது ஆபத்து.

மறுமொழி (செங்கலடி)

கிணத்துத் தண்ணி விசயத்துக்கு வாறன். ஆத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்கரைக் கிணறுகள்ல உவர் கூட. அந்த உப்பு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு மெல்லிய குழாய்களுக்குள்ள படியும். எங்களுக்கு உறைபனி இல்ல, கூலண்ட் எதுக்கு என்று கேட்பாங்க. கூலண்ட்டில முக்கியம் துருத்தடுப்பு மருந்துதான். வாட்டர் பம்ப் சீலையும் அதுதான் காப்பாத்தும்.

கழுவுற முறை. இன்ஜின் முழுசா ஆறினபிறகு மூடியைத் திறந்து, ரேடியேட்டர் அடித் திருகைத் தளர்த்துங்க. அதால வாறது பாதி மட்டும்தான். மிச்சம் இன்ஜின் புளொக்ல நிக்கும், அதுக்குப் புளொக்ல தனி போல்ட் இருக்கு. துரு பிடிச்ச பழைய வாகனத்தில அந்த போல்ட்டோட போராடி உடைக்கவேணாம். அடியை மூடி நல்ல தண்ணி விட்டு, மேல் ஹோஸ் சூடாகுமட்டும் ஓடவிட்டு, ஆறவிட்டு, திரும்ப இறக்குங்க. நிறம் தெளியுமட்டும் இதைச் செய்யணும். கக்கூஸ் கழுவுற அசிட், கோஸ்டிக் சோடா ரெண்டும் கிட்டவும் போகக்கூடாது. அலுமினியத்தைத் தின்றுபோடும், முன்னம் அடைப்பு இருந்த இடத்தில இப்ப ஓட்டை இருக்கும்.

கடைசி நிரப்பு: மொத்தக் கொள்ளளவு 5க்கும் 6க்கும் இடையில லீற்றர். புளொக்ல சுத்தத் தண்ணி நிக்கிறதால, கலக்காத சிவப்புக் கூலண்ட் 3 லீற்றரை முதல்ல ஊத்துங்க, மறுகா வடிச்ச தண்ணியால நிரப்புங்க. அப்பதான் பாதிக்குப் பாதி வரும். கலந்து விக்கிற போத்தலை ஊத்தினா நிக்கிற தண்ணியோட சேர்ந்து மெலிஞ்சுபோகும். சிவப்போட பச்சையைக் கலக்கவேணாம், சிலது கூழாகி அடைக்கும்.

வெளிப்பக்கத்தையும் மறக்காதீங்க. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில உள்ள இடைவெளியை டோர்ச் அடிச்சுப் பாருங்க. அம்பாறைப் பக்கம் அறுவடைக் காலத்தில ஓடின வாகனம் என்றா நெல் பதர் மெத்தை மாதிரிப் படிஞ்சிருக்கும். தோட்டத்துக் குழாயால இன்ஜின் பக்கமிருந்து முன்னுக்குக் கழுவுங்க. சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் அடிச்சா தகடு மடங்கி வழி இன்னும் அடைபடும்.

மல்டிமீற்றர் இருக்கிறதால இதையும் செய்யுங்க: இன்ஜின் ஓட, ஃபேன், லைட் போட்டபடி, கறுப்பு முனையை பட்டரி மைனஸ்ல வச்சு, சிவப்பு முனையை ரேடியேட்டர் தண்ணிக்குள்ள மட்டும் படும்படி பிடியுங்க. இதை ஆறின இன்ஜின்ல ஸ்டார்ட் பண்ணின உடனேயே செய்யணும், சூடேற முன்னம் மூடியைப் போட்டுடுங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. 0.3ஐத் தாண்டினா எங்கயோ எர்த் பழுது, கரண்ட் தண்ணிக்குள்ளால போய் ரேடியேட்டரை அரிக்குது. டைரக்ட் வயரிங் உள்ள வாகனத்தில இது அடிக்கடி வரும்.

கேள்வி கேட்டவர் (ஆரையம்பதி)

எல்லாருக்கும் நன்றி. தாள் வச்சுப் பார்த்தன். ஏ.சி. ஃபேன்ல ஒட்டி நிக்குது, பெரிய ஃபேன்ல பறக்குது. வயரை மாத்தினதும் ஒட்டி நிக்குது. தெர்மோஸ்டட், சுவிட்ச் வயரிங், கூலண்ட் எல்லாம் சொன்னபடி செய்தாச்சு. காத்தான்குடி நெரிசல்ல ஏ.சி.யோட பாதியிலயே நிக்குது. எர்த் 0.05.

ரெண்டு விசயம் மிச்சம். போத்தல் இன்னும் நிரம்பித்தான் நிக்குது, ஆறியும் திரும்பிப் போகுதில்ல. மற்றது, மஹாஓயா தாண்டி பிபிலைப் பக்கம் நாலு பேரோட ஏறும்போது முள் கொஞ்சம் கூடுது. அது ஹெட்டா?

மறுமொழி (கல்முனை)

முதல் விசயம் மூடி. மூடியின் அடியில நடுவில சின்ன வால்வு ஒண்டு இருக்கு. நகத்தால இழுத்து விட்டா துள்ளி மூடணும். அது ஒட்டிப்போனா ஆறும்போது போத்தல்ல இருந்து தண்ணியை உறிஞ்ச முடியாது, மேல் ஹோஸ் சப்பிப்போகும். போத்தலுக்குப் போற மெல்லிய ஹோஸ் வெடிச்சிருந்தாலும் இதே நிலைதான், தண்ணிக்குப் பதிலாக் காத்தை இழுக்கும்.

புது மூடி 0.9 என்று அடிச்சது வாங்குங்க. அந்த அழுத்தத்தில வெறும் தண்ணியே ஏறக்குறைய 118 பாகையிலதான் கொதிக்கும். மூடி அழுத்தம் பிடிக்காட்டி 100இலயே கொதிச்சு, ஏத்தத்தில முள் ஏறும். அதனால உங்கட ரெண்டு பிரச்சினையும் ஒரே மூடியாக இருக்கலாம். 1.1 மூடி போட்டா இன்னும் நல்லம் என்று கடையில சொன்னா வாங்காதீங்க. பழைய பிளாஸ்டிக் தொட்டியும் ஹோஸும்தான் வெடிக்கும்.

மூடி மாத்தியும் ஏத்தத்தில ஏறினா ரேடியேட்டர் உள்ளுக்கு அடைப்பு. நல்லாச் சூடான பிறகு இன்ஜினை நிப்பாட்டி, சாவியை எடுத்து, ஃபேன் ஓடாது என்று உறுதிப்படுத்திக்கொண்டு ரேடியேட்டர் முகத்தைக் கையால தடவிப் பாருங்க. சூடு சீராக் குறைஞ்சுகொண்டு போகணும். நடுவில திட்டாக் குளிர்ந்த இடம் இருந்தா அந்தக் குழாய்கள்ல தண்ணி ஓடுதில்ல. அந்த நிலையில மட்டும் ரேடியேட்டர் மாத்துற செலவு நியாயம்.

ஹெட் சந்தேகத்தை ஒரு விடியக்காலையில தீர்க்கலாம். இரவு முழுக்க ஆறின இன்ஜின்ல மூடியைத் திறந்து, வாய் வரை நிரப்பி ஸ்டார்ட் பண்ணுங்க. தொடக்கத்தில ஒண்டு ரெண்டு குமிழி வந்து நிண்டா அது சிக்கின காத்து. இடைவிடாம வந்துகொண்டே இருந்தா, அக்சலரேட்டர் கூட்டக் கூடினா, அது சிலிண்டர் காத்து. மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிசத்துக்குள்ள, தண்ணி சூடாக முன்னமே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே அர்த்தம். கொம்பிரஷன் பார்த்தா நாலு சிலிண்டரும் 10 கிலோவுக்குக் கீழ போகக்கூடாது, தங்களுக்குள்ள 1 கிலோவுக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது.

ஏத்தத்தில முள் சிவப்பைத் தொட்டா ஏ.சி.யை நிப்பாட்டி ஓரம்கட்டுங்க. தண்ணி ஒழுகவில்ல, ஆவி வரவில்ல என்றா இன்ஜினை ஐட்லிங்ல விட்டு ஃபேன் ஓடட்டும், ஹீட்டர் இருந்தா முழுச் சூட்டில திறந்துவிடுங்க. ஆவி வந்தா உடனே நிப்பாட்டணும். மூடியில அரை மணித்தியாலத்துக்கு முன்னம் கை வைக்கக்கூடாது. முகம் வெந்துபோகும். வெந்த இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தினா அலுமினிய ஹெட் வளையும், அதுக்குப் பிறகு உண்மையிலேயே ஹெட் வேலைதான்.

கேள்வி கேட்டவர் (ஆரையம்பதி)

மூடி மாத்தினன், போத்தல் ஆறினதும் இறங்குது. விடியக்காலைச் சோதனையில குமிழி நிண்டுபோச்சு. போத்தல்ல கூடி நின்ற சிவப்புக் கூலண்ட்டை எடுத்தது வாளியில கிடக்கு. ரோட்டு வடிகானில ஊத்தலாமா?

மறுமொழி (செங்கலடி)

ஊத்தவேணாம். அதில இருக்கிற கிளைகோல் இனிப்பு ருசி, நாயும் ஆடும் தேடிக் குடிக்கும், கொஞ்சம் குடிச்சாலே சிறுநீரகம் போய்ச் சாகும். எங்கட மணல் நிலத்தில ஊத்தினது கிணத்துக்குப் போய்ச்சேரும். மூடியுள்ள கலனுக்குள்ள விட்டு, பேர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில வையுங்க. பழைய ஒயில் சேர்க்கிற சேர்விஸ் ஸ்டேஷன்ல எடுப்பாங்களா என்று கேட்டுக் கொடுங்க. வாளியைத் திரும்பக் கிணத்தடிக்குக் கொண்டுபோகாதீங்க, அது கராஜ் வாளியாகவே இருக்கட்டும்.