அப்புச்சி எடுத்த புலிகுத்திக்கல் போட்டோ எந்த எடம்னு கண்டுபுடிக்கோணும், ஜிபிஎஸ் நம்பர் ரெண்டு எடம் காட்டுதுங்க

கன்னுக்குட்டி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அப்புச்சி (அம்மாவோட அப்பா) மூலனூர் பக்கம், மாட்டு வியாபாரம் பண்ணிட்டு இருந்தவரு, காங்கேயம் மாடுன்னா அவருக்கு உசுரு, சித்திரைல கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வருசம் தவறாம போயிருவாரு. 2016ல மாமா ஒரு போன் வாங்கிக் குடுத்தாரு, அதுல போற வழில கண்ணுல பட்டதையெல்லாம் எடுத்து வெச்சிருக்காரு. பூச்சிக்காளை, கெணறு, வேப்பமரத்தடி டீக்கடைன்னு. அதுல ஒன்னுதான் இந்த புலிகுத்திக்கல்லு, புலியோட மோதிச் செத்தவருக்கு நட்ட நடுகல்லு. ஒரு ஆளு ஈட்டிய புலி மேல குத்தறாரு, புலி பின்னங்கால்ல எந்திரிச்சு நிக்குது, ஆளோட கொண்டை ஒரு பக்கமா சரிஞ்சிருக்குது, அடீல ரெண்டு வரி எழுத்து மாதிரி என்னமோ பாதி மண்ணுக்குள்ள பொதைஞ்சிருக்குது.

அப்புச்சி இப்ப இல்லீங்க. அமுச்சிகிட்ட (அம்மாவோட அம்மா) கேட்டா “உங்கப்புச்சி எந்தக் காட்டுக்குள்ள பூந்து எடுத்தாரோ ஆருக்குத் தெரியும் கண்ணு”ங்கறாங்க. எனக்கு அந்தக் கல்ல நேர்ல பாக்கோணும், அந்த எழுத்து என்னன்னு தெரிஞ்ச ஆளுங்ககிட்ட காட்டோணும்னு ரொம்ப ஆசை.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இருந்த போட்டோல ஒன்னுமே இல்ல, தேதி கூட வேற காட்டுது. அப்பறம் பழைய போனோட மெமரி கார்டு கெடச்சுது, அதுல ஒரிஜினல் இருக்குது, ஜிபிஎஸ்சும் இருக்குது. ஆனா மாமன் பையன் கம்ப்யூட்டர்ல ஏதோ சாஃப்ட்வேர்ல மேப்புக்குன்னு இருக்கற கேஎம்எல் ஃபைலா எடுத்துக் குடுத்த நம்பர் 77.64, 10.83ன்னு வருது, அத அப்படியே மேப்ல போட்டா வடக்க பனிக்கடல்ல போயி நிக்குது. என் போன் ஆப்ல பாத்தா 10, 49ன்னு ஆரம்பிக்குது, அத 10.49ன்னு ஆரம்பிச்சு மேப்ல போட்டா மடத்துக்குளத்துக்குத் தெக்க காட்டுது. கண்ணபுரம் போறவரு எதுக்குங்க அந்தப் பக்கம் போகோணும்? எது சரி? (முழு நம்பர் இங்க போடல, மாமா வேண்டாம்னுட்டாரு.)

நொய்யல்கரையான்:
ரெண்டு நம்பரும் ஒரே எடந்தானுங்க அம்மிணி, கார்டுல இருக்கறது சரியாத்தான் இருக்குது, படிக்கற முறைலதான் வித்தியாசம்.

மொதல்ல பனிக்கடல். கேஎம்எல் ஃபைல்ல லாங்கிடியூட் (கெழக்கு மேக்கு கணக்கு) முன்னாடி வரும், லாட்டிடியூட் (வடக்கு தெக்கு கணக்கு) பின்னாடி வரும். கூகுள் மேப் தேடற பெட்டில லாட்டிடியூட்தான் முன்னாடி வேணும். நீங்க 77.64, 10.83ன்னு போட்டதும் அது வடக்க 77 டிகிரின்னு எடுத்துக்கிட்டு நார்வேக்கும் வடக்க, ஸ்வால்பார்ட் தீவுக்கு மேக்குப் பக்கம் கடல்ல கொண்டுபோய் விட்டிருச்சு. அதுவும் ஒலகத்துல இருக்கற எடந்தானே, அதனால மேப்பு தப்புன்னு சொல்லாது. தமிழ்நாடு பூராவும் லாட்டிடியூட் 8ல இருந்து 13 சொச்சம் வரைக்கும், லாங்கிடியூட் 76ல இருந்து 80 வரைக்கும்தான், அதனால நம்ம ஊர்ப் போட்டோன்னா சின்ன நம்பர் முன்னாடி, பெரிய நம்பர் பின்னாடி, அவ்வளவுதான்.

இப்ப மடத்துக்குளம். எக்ஸிஃப்னா போட்டோ ஃபைலுக்குள்ளயே போன் எழுதி வெக்கற குறிப்பு, அதுல ஜிபிஎஸ்ஸ டிகிரி, நிமிசம், விநாடின்னு மூணு துண்டா எழுதி வெச்சிருக்கும், உங்க ஆப் காட்டறது அதுதான். 49ங்கறது நிமிசம், தசமம் இல்ல. உதாரணத்துக்கு 10 டிகிரி 49 நிமிசம் 48 விநாடின்னு வெச்சுக்குங்க. 49ஐ 60ஆல வகுத்தா 0.8167, 48ஐ 3600ஆல வகுத்தா 0.0133, ரெண்டையும் 10ஓட கூட்டுனா 10.83. அதே மாதிரி 77 டிகிரி 38 நிமிசம் 24 விநாடின்னா 77.64. அத அப்படியே 10.4948, 77.3824ன்னு புள்ளி வெச்சு எழுதுனா நாப்பது கிலோமீட்டருக்கு மேல தென்மேக்க தள்ளிப் போயிரும், அதுதான் உங்களுக்கு மடத்துக்குளம் வந்தது. கணக்குப் போட முடியலைன்னா மேப்புல 10°49'48" பக்கத்துல வடக்குக்கு உண்டான N எழுத்து, 77°38'24" பக்கத்துல கெழக்குக்கு உண்டான E எழுத்துன்னு போட்டாலே அது புரிஞ்சுக்கும்.

ஆக உங்க எடம் வெள்ளகோயிலுக்கும் தாராபுரத்துக்கும் நடுவாப்புல, மூலனூருக்கு வடமேக்க. அப்புச்சி ஊட்ல இருந்து கண்ணபுரம் போற தெசைதானுங்க அது.

வாட்ஸ்அப்புல போட்டோவா அனுப்புனா அது சுருக்கும்போதே எக்ஸிஃப்ப கழட்டி வீசிரும், டாக்குமெண்ட்டா அனுப்புனாத்தான் அப்படியே போகும். ஃபைல் பேர்ல வர்ற தேதியும் எடுத்த தேதி இல்ல, வாட்ஸ்அப்புல வந்த தேதி. அதனால மாமன் பையனுக்கு அனுப்பறதா இருந்தா டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்லாட்டி கேபிள் போட்டு காப்பி பண்ணுங்க. மெமரி கார்ட முழுசா ஒரு காப்பி எடுத்து பத்திரமா வெச்சிருங்க, அதுதான் மொதல் வேலை.

பருத்திக்காட்டான்:
எதுக்குங்க இத்தன கணக்கு? போட்டோவ அப்லோட் பண்ணா எடத்தக் காட்டற வெப்சைட்டு எத்தனையோ இருக்குதே. அதுல போட்டா ஒரே நிமிசம்.

நொய்யல்கரையான்:
அண்ணா, நான் அத வேண்டாம்பேன். ஒன்னு, வீட்டு போட்டோவ ஆருன்னே தெரியாதவன் சர்வர்ல ஏத்தறோம். ரெண்டாவது, ஆண்ட்ராய்டு 10ல இருந்து போட்டோவோட எடத்தப் படிக்க தனி அனுமதி வேணும், அனுமதி இல்லாத ஆப்புக்கு ஜிபிஎஸ்ஸ மறைச்சுட்டுத்தான் போட்டோவையே குடுக்கும். அதனால போன் வழியா ஏத்துனா பல சமயம் எடம் வெறுமையா இருக்கும், இல்லாட்டி 0, 0ன்னு வரும், அது ஆப்பிரிக்காவுக்கு மேக்க கினியா வளைகுடாக் கடல். பாக்கறவங்க போட்டோல ஒன்னுமில்லன்னு முடிவு பண்ணிட்டு ஒரிஜினலையே அழிச்சுருவாங்க, அதுதான் எனக்கு வெசனம். கம்ப்யூட்டர்ல எக்ஸிஃப்டூல்னு ஒரு இலவச மென்பொருள் இருக்குது, ஃபில் ஹார்வி 2003ல இருந்து எழுதிட்டு வர்றாரு, இணையமே இல்லாம ஓடும், போட்டோக்குள்ள இருக்கறத ஒன்னு விடாம கொட்டிக் காட்டும். அதப் போடுங்க அம்மிணி.

போட்டு மூணு விசயம் பாத்துச் சொல்லுங்க. ஜிபிஎஸ் ப்ராசஸிங் மெத்தட்னு ஒரு வரி இருக்கும், அதுல ஜிபிஎஸ்னு இருக்குதா நெட்வொர்க்னு இருக்குதா? நெட்வொர்க்னா செல்போன் டவர வெச்சு குத்துமதிப்பா போட்டது, நம்ம மாதிரி டவர் தூரமா இருக்கற காட்டுல கிலோமீட்டர் கணக்குல கூட தள்ளி நிக்கும். அடுத்து ஜிபிஎஸ் நேரம், கேமரா நேரம் ரெண்டையும் பாருங்க. ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்துல இருக்கும், நம்மளது அஞ்சரை மணி முன்னாடி. வித்தியாசம் சரியா அஞ்சரை மணின்னா எடுத்த அந்த நிமிசத்து எடந்தான். அதுக்கும் மேல இருந்தா, வழில முன்னாடி எங்கயோ புடிச்ச பழைய எடத்தையே போன் எழுதிருச்சுன்னு சந்தேகப்படோணும், இல்லாட்டி போன் கடிகாரம் ஓடுனது சரியில்ல.

கன்னுக்குட்டி:
அண்ணா ரொம்ப ரொம்ப நன்றிங்க! அமுச்சிகிட்ட அந்த எடத்தச் சொன்னதும் “ஆமா, அந்த வழியாத்தான் குறுக்க போவாரு”ன்னாங்க, மொகத்துல அத்தன சந்தோசம்.

எக்ஸிஃப்டூல் போட்டுப் பாத்தனுங்க. மெத்தட் ஜிபிஎஸ்னுதான் இருக்குது. கேமரா நேரம் காலைல 7:20, ஜிபிஎஸ் நேரம் 1:50. அப்ப சரிதானுங்களே? ஆல்டிடியூட் (ஒசரம்) மட்டும் 130 சொச்சம் மீட்டர்னு இருக்குது, ஆனா அந்தப் பக்கம் தரையே 200 மீட்டருக்கு மேலன்னு மேப்புல பாத்தேன், அது ஒன்னுதான் இடிக்குது. கேமரா எந்தத் தெசையப் பாத்துதுங்கற வரி இதுல இல்லீங்க.

அப்பறம் சேட்டிலைட் மேப்புல அந்தப் புள்ளிக்குப் போனா வெறும் காடு, நாலு பக்கமும் வேலி, கல்லு எங்கன்னே தெரியல. போட்டோல கல்லுக்குப் பின்னாடி முள்ளு வேலி, ரெண்டு வெள்வேல மரம், எடது பக்கம் தூரத்துல கரண்டு எடுக்கற காத்தாடி ஒன்னு இருக்குது.

நொய்யல்கரையான்:
ஆல்டிடியூட்ட விட்ருங்க. ஆண்ட்ராய்டு போன் குடுக்கற ஒசரம் கடல் மட்டத்துல இருந்து கணக்குப் போட்டது இல்ல, பூமிய ஒரு வழவழப்பான நீள்கோளமா வெச்சு அதுல இருந்து போட்டது. தென்னிந்தியால கடல் மட்டம் அந்தக் கோளத்துக்குக் கீழ சுமார் 90 மீட்டர்ல இருக்குது, அதனால நம்ம பக்கத்து போட்டோவெல்லாம் அந்த அளவுக்குக் கொறைச்சுக் காட்டும். 130ஓட 90ஐக் கூட்டிப் பாருங்க, சரியா வந்துருது. எடம் சரின்னு அதுவே இன்னொரு சாட்சி.

கிளுவைவேலி:
நமக்கு வெள்ளகோயில் பக்கமுங்க. அந்த முள்ளு வேலி கிளுவை வேலியா இருக்கும், நடுவுல வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப்புல்லு, இது மாடு மேய விடற கொறங்காடு. எங்க பக்கம் ஒவ்வொரு கொறங்காடும் ஒரே மாதிரித்தான் தெரியும், சேட்டிலைட்டுல பாத்தா கட்டம் கட்டமா வேலி மட்டும்தான், அதனால கல்லத் தேடாதீங்க, காத்தாடியத் தேடுங்க.

எப்படின்னா, காலைல 7:20, சித்திரை மாசம், வெய்யில் கெழக்குல சித்த வடக்க சாஞ்சு வரும். போட்டோல கல்லோட நெழல் எங்க விழுகுதுன்னு பாருங்க. கல்லுக்குப் பின்னாடி ஓடுச்சுன்னா கேமரா மேக்க பாத்து நிக்குது, கல்லு மொகம் கெழக்க பாக்குது. கேமரா திசைய எழுதலைன்னா என்ன, நெழல் எழுதி வெச்சிருக்குது. காத்தாடி எடது பக்கம்னா உங்க புள்ளில இருந்து தென்மேக்கத்தான் இருக்கோணும். கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் ப்ரோ போட்டு, பழைய வருசத்துப் படம் காட்டற கடிகாரப் பொத்தான அமுக்கி 2016ஓ அதுக்குக் கிட்டத்துல உள்ளதோ எடுங்க, ஏன்னா எங்க பக்கம் காத்தாடி அதுக்கப்பறமும் நட்டிருக்காங்க, இப்பத்த படத்தப் பாத்தா கொழம்பிருவீங்க. காத்தாடி கம்பம் மேல இருந்து தெரியாட்டியும் அதோட நீள நெழல் தெளிவாத் தெரியும். காத்தாடிய ஒரு முனையா வெச்சு உங்க புள்ளிக்கு ஒரு கோடு இழுத்தா எந்த வேலி ஓரம்னு புடிபட்டுரும்.

இன்னொன்னு, அந்த நம்பர் அப்புச்சி நின்ன எடம், கல்லு இருக்கற எடம் இல்ல. வெட்டவெளில போன் ஜிபிஎஸ் அஞ்சு பத்து மீட்டர் தள்ளிக் காட்டறது சகஜம், ஜூம் பண்ணி எடுத்திருந்தா கல்லு இன்னும் தூரம். கல்லு மேக்க இருக்குதுன்னு தெரிஞ்சா தேடற வேலை பாதி கொறஞ்சுது.

சித்தன்னவாசல் நேசன்:
அம்மிணி, உங்க மாமா முழு நம்பர் போட வேண்டாம்னது ரொம்ப சரியான ரோசனை. நீங்க குடுத்த மாதிரி ரெண்டு தசமம்னா ஒரு கிலோமீட்டர் சுத்துவட்டம், நாலு தசமம் போட்டா பதினோரு மீட்டர், கல்லுக்கு முன்னாடியே கொண்டுபோய் நிறுத்திரும். நடுகல்லுக்கு அடீல புதையல் இருக்குதுன்னு நம்பி தோண்டறவங்க இருக்காங்க, கல்லையே பேத்துட்டுப் போறவங்களும் இருக்காங்க. மாட்டக் காப்பாத்த, ஊரக் காப்பாத்த புலியோட மோதிச் செத்தவருக்கு ஊரார் நட்டு வெச்ச கல்லு அது, கொங்கு நாட்டுல இந்த வகைக் கல்லு ஏராளம், அத நாம காட்டிக் குடுத்துரக் கூடாது. எங்கயாச்சும் போட்டோ போடறதா இருந்தா ஜிபிஎஸ்ஸ எடுத்துட்டுப் போடுங்க. 2012 டிசம்பர்ல போலீஸ் தேடிட்டு இருந்த, ஆன்டிவைரஸ் மென்பொருள்ல பேர் எடுத்த ஜான் மெக்கஃபி எங்க இருக்காருன்னு ஒரு பத்திரிகை போட்ட போட்டோல எக்ஸிஃப் அப்படியே இருந்து குவாத்தமாலான்னு ஒலகத்துக்கே தெரிஞ்சு போச்சு. மனுசனாவது எடம் மாறிக்குவான், கல்லு எங்கீங்க போகும்?

முழு நம்பர தொல்லியல் துறைக்காரங்ககிட்டயோ அரசு மியூசியத்துலயோ நேர்ல குடுங்க. எழுத்து தெரியலைன்னு சாக்பீஸ், மாவு, எண்ணெய்னு எதையும் தேய்க்காதீங்க. வெய்யில் கல்லு மொகத்துல பக்கவாட்டுல சாஞ்சு விழுகற நேரத்துல எடுத்தா எழுத்து தானா எந்திரிச்சு நிக்கும். கல்லு கெழக்க பாக்குதுன்னா நேர் வெய்யில் விழுகற விடிகாலைய விட, வெய்யில் மேல ஏறுன அப்பறம் எழுத்துல நெழல் நல்லா விழுகும்.

கன்னுக்குட்டி:
நெழல் பின்னாடிதான் ஓடுதுங்க! கூகுள் எர்த்துல அந்த வருசத்துப் படத்துல தென்மேக்க ஒரே ஒரு காத்தாடிதான், நெழல் கோடு மாதிரி தெரியுது. அதுல இருந்து இழுத்தா ஒரு கொறங்காட்டு மேக்கு வேலி மூலைக்கு வருது, அங்க ரெண்டு மரமும் இருக்குது. எனக்கு கையே நடுங்கிருச்சு. அடுத்த வாரம் மாமா, மாமன் பையன் எல்லாரும் போறோம், அமுச்சியும் “நானும் வருவேன்”னு நிக்கறாங்க. அது ஆரு காடுன்னு தெரியாதே, அப்படியே உள்ள போலாமுங்களா?

கிளுவைவேலி:
அப்படிப் போகாதீங்க. பக்கத்துத் தோட்டத்துல கேட்டா காட்டுக்காரர் ஆருன்னு சொல்லிருவாங்க, மூலனூர் மாட்டு வியாபாரி பேத்தின்னு அப்புச்சி பேரச் சொல்லுங்க, அந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அவுங்களே கூட்டிட்டுப் போயி காட்டுவாங்க. கல்லுக்கு அவுங்க பொங்கல் வெக்கறாங்களான்னும் கேட்டுக்குங்க, அப்படின்னா செருப்பக் கழட்டிட்டுப் போங்க. உள்ள போறப்ப படலத் தொறந்தா மறக்காம சாத்திக் கட்டிட்டு வாங்க, உள்ள மாடு மேஞ்சுட்டு இருக்கும், ரோட்டுக்கு வந்துரும்.