ஃபில்டரில் கரி: இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

புதுநீர்:
என்னுடையது 60 லிட்டர் நன்னீர் மீன் தொட்டி, ஐந்து மாதமாக ஓடுகிறது. மீன்கள் 10 நியான் டெட்ரா, 6 கோரி; கூடவே பெரிய டிரிஃப்ட்வுட் கட்டை ஒன்று. ஃபில்டரோடு வந்த கார்ட்ரிட்ஜில் பஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் என்கிற கரியும் ஒன்றாகவே இருக்கின்றன. மாதம் ஒருமுறை அப்படியே தூக்கிப் போட்டுப் புதிது மாட்டச் சொல்லி அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கிறது. முதல் இரண்டு மாதம் அப்படித்தான் செய்தேன். இரண்டு முறையும் மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கிவிட்டது. பயந்துபோய் மூன்று மாதமாக மாற்றவே இல்லை. இப்போது மங்கல் இல்லை, ஆனால் லேசாக மஞ்சள் தட்டுகிறது. கரி தேவைதானா?

பாசிபடிந்தவன்:
தேவையில்லை. மாதம் ஒன்று மாற்றினால்தானே மாதம் ஒன்று விற்கும்! உங்கள் தண்ணீர் மங்கியதற்கும் அட்டைப்பெட்டியில் இருக்கிற அந்த வரிதான் காரணம். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை, பஞ்சில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. பஞ்சை வீசினால் குடியிருப்பையே வீசிய மாதிரி. கார்ட்ரிட்ஜின் ஓரத்தைக் கத்தரியுங்கள், கரியைக் கொட்டுங்கள், பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசித் திரும்ப மாட்டுங்கள். நான் பல வருடமாக வெறும் ஸ்பாஞ்ச் வைத்தே ஓட்டுகிறேன்.

நீலத்துளி:
பஞ்சைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதில் கரியின் குற்றம் எங்கே இருக்கிறது? இரண்டையும் ஒரே பையில் தைத்தவர்கள் செய்த தப்பு அது. கரி செய்கிற வேலையை உங்கள் பாக்டீரியா செய்யாது. கட்டையிலிருந்து கசிந்து தண்ணீரை மஞ்சளாக்கும் டானின், தண்ணீரில் சேரும் வாடை, மருந்து போட்டபின் மிஞ்சுவது, இதையெல்லாம் யார் எடுப்பது? நல்ல ஆக்டிவேட்டட் கார்பனில் ஒரு கிராமுக்கே பல நூறு சதுர மீட்டர் உட்பரப்பு உண்டு. அங்கேதான் இவை போய் ஒட்டுகின்றன. எந்தக் கரி எவ்வளவு உறிஞ்சும் என்று ஆய்வகத்தில் மெத்திலீன் புளூவை வைத்தும் அளக்கிறார்கள். பூஞ்சைக்காக நாம் தொட்டியில் விடுகிற அதே நீல மருந்து.

பாசிபடிந்தவன்:
அதனால்தானே மருந்து போடும்போது கரியை வெளியே எடுக்கச் சொல்கிறோம்? உள்ளே இருந்தால் மருந்தைக் குடித்துவிடும், மீனுக்கு ஒன்றும் மிஞ்சாது. வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் எத்தனை பேர்! மருந்து முடிந்தபின் நான்கு நாள் வைக்கிறேன் என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். வருடம் முழுக்க எதற்கு?

நீலத்துளி:
நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். அறையில் யாராவது கொசுமருந்தோ வாசனை ஸ்பிரேயோ அடிப்பார்கள். ஏர் பம்ப் அந்தக் காற்றை நேராகத் தண்ணீருக்குள் தள்ளும். அந்த நேரம் பார்த்துக் கரி டப்பாவைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

பாசிபடிந்தவன்:
அதற்கு அந்தக் கரி அன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டுமே! சில வாரத்தில் அதன் துளைகள் நிறைந்துவிடும். அப்புறம் அது கறுப்பு நிறக் கல். நம் நண்பரின் பையில் மூன்று மாதமாகக் கிடப்பதும் அதுதான். காப்பீடு என்று நினைத்துக்கொண்டு காலாவதியான தாளைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். வாராவாரம் 25 சதவீதம் தண்ணீர் மாற்றினால் டானினும் போகும், வாடையும் போகும்.

நீலத்துளி:
முழுக்கப் போகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு பொருள் வாரத்துக்கு 10 அலகு சேர்கிறது, நீங்கள் கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்றால், அது ஏறி ஏறிக் கடைசியில் 40-இல் போய் நிற்கும். 40-இல் கால் பங்கு 10. அந்தப் புள்ளியில்தான் சேர்வதும் போவதும் சமமாகும். அதற்குக் கீழே தண்ணீர் மாற்றம் உங்களை இறக்காது.

பாசிபடிந்தவன்:
பாதி மாற்றினால் 20-இல் நிற்கும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, இப்படி ஏறி நிற்பதில் மீனுக்கு ஆகாதது நைட்ரேட். அதை உங்கள் கரி தொடக்கூடத் தொடாது. அமோனியாவையும் நைட்ரைட்டையும் அப்படித்தான். புதிதாக வருகிறவர்கள் பலரும் கரி இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று நம்பிவிடுகிறார்கள். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். எனக்குக் கரிமேல் இருக்கிற கோபமே அதுதான், அது கண்ணை ஏமாற்றுகிறது.

நீலத்துளி:
இதில் எனக்கு மறுப்பு இல்லை. கண்ணை நம்பாதே, டெஸ்ட் கிட்டை நம்பு. ஆனால் மஞ்சள் நிறத்துக்கு வழி கேட்டவரிடம் நைட்ரேட்டைக் காட்டுகிறீர்கள்.

தாவரத்தொட்டி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். செடிக்கு விடுகிற இரும்புச் சத்தையும் கரி எடுத்துவிடும் என்கிறார்களே?

நீலத்துளி:
கீலேட் செய்த, அதாவது தண்ணீரில் கரைந்தே இருக்கும்படி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பில் கொஞ்சம் எடுக்கலாம். நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் அப்படியே விட்டுவிடும். உரம் போடுகிற நாளில் கரிப்பையை எடுத்துவைத்தால் தீர்ந்தது.

வெள்ளிச்செதில்:
கரி அமோனியாவை எடுக்காது என்றால், அதைப் பிடித்துவைக்கிற சியோலைட் என்ற கனிமம் கலந்த கரியாக வாங்கிப் போடுங்களேன். அமோனியா பயமே வேண்டாம்.

மூன்றுதொட்டி:
ஐயா, அதை மட்டும் யோசிக்காமல் சொல்லாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தொட்டியில் சியோலைட் போட்டிருந்தேன். மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்தது. லிட்டருக்கு 2 கிராம் என்று உப்புக் கரைத்து விட்டேன். மறுநாள் காலை மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில். அமோனியா டெஸ்ட் கடும் பச்சை காட்டியது. நோய் முற்றிவிட்டதென்று நினைத்து, இன்னும் கொஞ்சம் உப்பு விட்டேன்! அன்று மாலைக்குள் நான்கு மீன் போயிற்று.

பிறகுதான் புரிந்தது. தண்ணீரில் அமோனியா பெரும்பாலும் அமோனியம் என்ற வடிவில்தான் இருக்கும். சியோலைட் அந்த அமோனியத்தை அழிப்பதில்லை. தன்னிடம் இருக்கிற சோடியத்தைக் கொடுத்துவிட்டு அமோனியத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. தண்ணீரில் சோடியம் கூடினால் கொடுக்கல் வாங்கல் தலைகீழாகிறது. உப்புநீரில் ஊறவைத்து சியோலைட்டைப் புதுப்பிக்கிறார்களே, அதே வேலையை மீன்கள் உள்ளே இருக்கும்போதே நான் செய்திருக்கிறேன். என் தண்ணீரின் பிஹெச் 8 வேறு. 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் மொத்த அமோனியாவில் அரை சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். 8-இல் அது சுமார் 5 சதவீதம். அதே அளவு அமோனியா, பத்து மடங்கு கேடு.

பாசிபடிந்தவன்:
இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். தொட்டியை நீங்கள் நடத்தவேண்டும், பொடி நடத்தக்கூடாது. பாக்டீரியாவின் சாப்பாட்டை சியோலைட் தட்டிப் பறிக்கும், ஒருநாள் அது நிறைந்துபோகும், அன்றைக்கு உதவிக்குப் போதிய பாக்டீரியா இருக்காது.

நீலத்துளி:
சியோலைட்மேலேயே பாக்டீரியா குடியேறும், அவ்வளவு மோசமில்லை. மீன் பயணத்துக்கும், ஃபில்டர் திடீரென நின்றுபோன நாளுக்கும் அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் நிரந்தரமாக வேண்டாம், உப்போடு வேண்டவே வேண்டாம். இவ்வளவு தூரம் உங்களோடு வருகிறேன். கரியைச் சியோலைட்டோடு ஒரே கூண்டில் ஏற்றாதீர்கள், அவ்வளவுதான்.

புதுநீர்:
எல்லோருக்கும் நன்றி. கார்ட்ரிட்ஜை வெட்டிப் பழைய கரியைக் கொட்டிவிட்டேன். பஞ்சு அப்படியே இருக்கிறது, கூட ஒரு ஸ்பாஞ்ச் துண்டும் சொருகியிருக்கிறேன். பத்து நாளாயிற்று. அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. வெள்ளைக் கோப்பையில் மொண்டு பார்த்தால் மஞ்சள் முன்பைவிடக் கொஞ்சம் கூட. கட்டையை எடுத்துவிடவா?

நீலத்துளி:
எடுக்க வேண்டாம். நியான் டெட்ராவுக்கு டானின் ஊறிய தண்ணீர் சொந்த ஆறு மாதிரி. நிறம் உறுத்தினால் கைப்பிடிக் கரியைக் கழுவித் துணிப்பையில் போட்டு, பஞ்சுக்கு அடுத்தபடியாக வையுங்கள். பஞ்சுக்கு முன்னால் வைத்தால் அழுக்கு அடைத்துவிடும். சில நாளில் தெளியும். மஞ்சள் திரும்ப வரும்போது கரி தீர்ந்ததென்று அர்த்தம்.

புதுநீர்:
உண்மையைச் சொன்னால், அந்த நிறம் பிடித்துப்போய்விட்டது. டெட்ராக்களின் நீலக்கோடு இப்போதுதான் எடுப்பாகத் தெரிகிறது. பிரிக்காத கார்ட்ரிட்ஜ் இரண்டு கையில் இருந்தன. அதிலிருந்த கரியை எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன்.

நீலத்துளி:
அப்படியென்றால் வென்றது நான்தான்.

பாசிபடிந்தவன்:
டப்பா மூடியேதானே இருக்கிறது?