வெப்பநிலை மாற்றம் என்றால் எந்த மாற்றம்?

அன்புள்ள குழுவினருக்கு,

பதினோராம் வகுப்புக்கான பயிற்சி நூல் ஒன்றை வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ரேயோமூர், ரோமர், டெலீல், ராங்கின் ஆகிய பழைய வெப்பநிலை அளவுகோல்கள் பற்றிய பகுதியில் ஒரு சிக்கல். ஓர் அளவுகோலில் உள்ள வெப்பநிலையை மற்றொன்றில் எழுதுவதையும் 'வெப்பநிலை மாற்றம்' என்கிறோம். வெப்பநிலை கூடிக் குறைவதையும் அதே சொல்லால் குறிக்கிறோம். டென்மார்க்கின் ஓலே ரோமர் 1701-இல் வகுத்த அளவுகோலில் நீர் 7.5 பாகையில் உறைந்து 60-இல் கொதிப்பதால், 20 பாகை செல்சியஸ் அங்கே 18 பாகையாகிறது. ஆனால், "10 பாகை செல்சியஸ் வெப்பநிலை மாற்றத்தை ரோமருக்கு மாற்றுக" என்றால் விடை 5.25 தான். மாணவர்கள் 7.5-ஐயும் சேர்த்து 12.75 என்று எழுதிவிடுகிறார்கள். வினாவே அதற்கு இடம் கொடுக்கிறது. ஓர் அளவுகோலிலிருந்து மற்றொன்றில் எழுதுவதற்குத் தனிச்சொல் வேண்டும்.

— இயற்பியல் ஆசிரியை

அம்மையீர்,

'அளவைபெயர்ப்பு' என்று வைக்கலாம். தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளுள் ஒன்றாக 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்த'லைச் சொல்கிறது. அங்கே மொழி மாறினும் பொருள் மாறாது. இங்கே எண் மாறினும் சூடு மாறாது. தவிரவும், பெயர்தல் என்பது இடம்விட்டு நகர்தல். பாரன்ஹீட் எண்ணோடு 459.67-ஐக் கூட்டினால் ராங்கின் கிடைக்கிறது. பாகையின் அளவு அப்படியே இருக்க, சுழி மட்டும் தனிச்சுழிக்கு, அதாவது அதற்குக் கீழே வெப்பநிலையே இல்லாத எல்லைக்கு, பெயர்ந்திருக்கிறது. 'மாற்று' என்பது பண்டமாற்றுக்கும் நாணயமாற்றுக்கும் உரியது, ஒன்றைக் கொடுத்து வேறொன்றைப் பெறுவது. பொன்னின் மாற்று வேறு கதை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

— தமிழாசிரியர்

ஐயா,

சொல் அழகானது, ஆனால் வகுப்பில் நிற்காது. 'இடப்பெயர்ச்சி' ஏற்கெனவே இயற்பியலில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. ரேயோமூரின் 1730-ஆம் ஆண்டு அளவுகோலில் உறைநிலை 0, கொதிநிலை 80. செல்சியஸ் எண்ணில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்தால் கணக்கு முடிந்தது. அசையாத சுழிக்கு ஏது பெயர்ப்பு? 'அளவை' என்றாலோ தருக்கத்தில் அறிவுக்கான சான்று என்று பொருள்படும், மணிமேகலையின் அளவைவாதி வந்து வாதுக்கு நிற்பார். இலங்கையில் நாங்கள் 'அளவிடை' என்றே படித்தோம், ஆயினும் அதை இங்கே வற்புறுத்தவில்லை. கூடிக் குறைவதை 'வெப்பநிலை வேறுபாடு' என்று பிரித்துவிட்டு, மாணவர் அறிந்த 'மாற்று'தலைத் தொடாமல் விடுவதே நல்லது.

— யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர்

நண்பரே,

வேறுபாடு திசையைச் சொல்லாது. டெலீல் அளவுகோலில் கொதிநிலை 0, உறைநிலை 150. செல்சியஸில் 20-இலிருந்து 30-க்குச் சூடேறும் நீர், டெலீலில் 120-இலிருந்து 105-க்கு இறங்குகிறது. '15 பாகை வேறுபாடு' என்று எழுதினால் மாணவன் ஏறியதாகக் கொள்வானா, இறங்கியதாகக் கொள்வானா? எளிமை வேண்டும் என்பதற்காகக் குறைபட்ட சொல்லை ஏற்க வேண்டுமா?

— தமிழாசிரியர்

அனைவருக்கும்,

அச்சகத்தார் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பெரும்பாலோர் 'மாற்று' பக்கமே சாய்வதால் தலைப்பை 'அளவுகோல் மாற்று' என்றும், மற்றதை 'வெப்பநிலை வேறுபாடு' என்றும் அச்சிடுகிறேன். ஐயா சொன்ன தடை உண்மையானது. ஆகவே டெலீல் கணக்குகளில் 'சூடேறும்போது', 'குளிரும்போது' என்று வினாவிலேயே சேர்த்திருக்கிறேன்.

— இயற்பியல் ஆசிரியை

அம்மையீர்,

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'ரோமர் அளவுகோல்' என்று அச்சாகுமானால் அது உரோமாபுரியாருடையது என்றே பிள்ளைகள் படிப்பார்கள். அது குறித்துத் தனி மடல் வரும்.

— தமிழாசிரியர்