பூனைக்குட்டி எடுக்கலாமா, வேண்டாமா? வடசேரி, வாடகை வீடு

வடசேரி மாடிவீடு:
வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் வாடகைக்கு மாடி வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் திரும்பி வர ஆறு மணி ஆகிவிடும். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் அதில் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கீழே வீட்டுக்காரர்கள் சைவம். மீன் வாடை ஆகாது என்று சொல்லித்தான் வீடு தந்தார்கள். லீவு விட்டால் கருங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம், வீடு பூட்டிக்கிடக்கும். எனக்கும் ஆசைதான், ஆனால் எங்களால் முடியுமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

குளச்சல்காரன்:
இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? எங்கள் தெருவில் பூச்சை, அதாவது பூனை, இல்லாத வீடு கிடையாது. யாரும் தேடிப் போய்க் கொண்டுவந்ததில்லை, தானாக வந்து சேர்ந்தவைதான். சாளை மீன் தலையும் மிச்சச் சோறும் போதும், எலித் தொல்லை இருக்காது. நீங்கள் ஊருக்குப் போனாலும் அது பிழைத்துக்கொள்ளும். பிள்ளை ஆசைப்படுகிறாள், எடுத்துக் கொடுங்கள்.

தேரூர் குளக்கரை:
பிழைத்துக்கொள்ளும் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை, அண்ணன். வெளியே திரியும் பூனைகளை வண்டி அடிக்கிறது, நாய் கடிக்கிறது, விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்றும் சாகின்றன. ஒன்று போனால் இன்னொன்று வந்துவிடுவதால் தெருவில் பூனை குறையாத மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பதினைந்து வருடம் கூட இருக்கும். அக்கா, உங்கள் மகள் படிப்பு முடித்து வேலைக்கும் போயிருப்பாள், பூனை உங்கள் கையில்தான் இருக்கும். அதனால் ஆசை யாருடையது என்று பார்க்காமல், வேலை யார் தலையில் விழும் என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் சுசீந்திரம் தேரூர் குளத்தை 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அதன் கரையில்தான் குடியிருக்கிறேன், பூனை வாயில் பறவையைப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன காட்சி. பூனை பசித்தால்தான் பிடிக்கும் என்றில்லை, வயிறு நிறைந்திருந்தாலும் பிடிக்கும். வெளியே விடாமல் வளர்க்க முடியாது என்றால் எடுக்க வேண்டாம் என்பேன்.

குளச்சல்காரன்:
நாலு சுவருக்குள் அடைத்து வைப்பதுதான் பாசமா? மரம் ஏறி, மதில் தாண்டி வாழ்கிற உயிர் அது. மீன்பிடித் தடைக்காலம் வந்து ஜூன், ஜூலை இரண்டு மாதம் இந்தப் பக்கம் விசைப்படகு போகாதபோதும், வள்ளத்தில் வந்த மீனில் பூச்சைக்கு ஒரு பங்கு வைக்கிற ஊர் எங்களுடையது. எங்களுக்கு அக்கறை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தக்கலை டீச்சர்:
அக்கறை இல்லை என்று யாரும் சொல்லவில்லை தம்பி. ஆனால் சாளைத் தலையை மட்டும் நம்ப முடியாது. பச்சை மீனையே தினமும் தின்றால் சில மீன்களில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும், பூனைக்கு நரம்புக் கோளாறு வரும்.

மாடிவீட்டு அம்மாவுக்கு: வீட்டுக்காரர்கள் சைவம் என்பதற்காகப் பால்சோறு, தயிர்சோறு என்று இறங்கிவிடாதீர்கள். பூனைக்கு மாமிச உணவு கட்டாயம். டாரின் என்ற சத்து செடிகொடி உணவில் கிடைக்காது. அது குறைந்தால் கண்பார்வை போகும். இதயத் தசை தளர்வதற்கும் அந்தக் குறைதான் காரணம் என்று 1987இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். உங்கள் வீட்டுக்குக் கடையில் கிடைக்கும் உலர் தீவனம் பொருந்தும், மீன் வாடைப் பிரச்சினை வராது. நாலு கிலோ எடையுள்ள பூனை ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கிராம் தின்னும். மூன்று கிலோ பை ஒன்றரை மாதத்துக்கு மேல் வரும். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும்.

தீவனத்தை விடத் தடுப்பூசி, கருத்தடை, அவசரச் செலவு ஆகியவைதான் பெரிது. குறிப்பாக ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அப்படி முக்கினால் அன்று ராத்திரியே மருத்துவரிடம் ஓட ஆள் வேண்டும். காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

இனயம், இப்போது ஷார்ஜா:
அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். பூனைதான் பேச்சுத்துணை, போன் பண்ணினால் பாதி நேரம் அதன் கதைதான். ஆகவே நான் எடுங்கள் என்ற கட்சி. ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்தான் சாவி வாங்கி, தினமும் வந்து சாப்பாடு வைத்து, பூனை மலம் கழிக்கும் மணல் தட்டையும் சுத்தம் செய்தாள். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்போம், வயதானவர்கள் வீட்டில் இருப்பார்கள். நீங்கள் இல்லாத நாளில் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்? ஒருவர் பெயரைச் சொல்ல முடிந்தால் எடுங்கள் அக்கா. பகலில் எட்டு, ஒன்பது மணி நேரம் தனியாக இருப்பது வளர்ந்த பூனைக்குப் பெரிய விஷயமில்லை. குட்டிக்குத்தான் கஷ்டம், மகள் பள்ளி விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் விளையாட வேண்டும்.

வடசேரி மாடிவீடு:
நன்றி. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். மாடியில் வத்தல் காயப்போடும் இடத்துக்கு வராமல் பார்த்துக்கொண்டால் சரி என்றார். அப்படியானால் வீட்டுக்குள்தான் வளர்க்க முடியும். சாவிக்கு ஆள் உண்டு, எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இன்னொரு பயம்: தை மாதம் நாத்தனார் பிரசவத்துக்கு வருகிறாள். மாசமாக இருப்பவர்கள் பக்கத்தில் பூனை கூடாது என்கிறார்களே?

தக்கலை டீச்சர்:
பூனை பக்கத்தில் இருப்பதால் ஒன்றும் இல்லை, அதன் மலத்தில்தான் கவனம் வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி மலத்தோடு வெளியே வந்து, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும், நாத்தனார் தொட வேண்டாம். பச்சை இறைச்சி கொடுக்காமல் வீட்டுக்குள்ளேயே வளர்க்கும் பூனையிடமிருந்து வரும் ஆபத்து குறைவு. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும்தான் அதைவிடக் கவனிக்க வேண்டியவை. நாத்தனாரின் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குளச்சல்காரன்:
சரி, மாடி வீட்டுக்கு உள்ளே வளர்ப்பதுதான் வழி என்று ஒத்துக்கொள்கிறேன். ஊர் முழுக்க அதைச் சட்டமாக்கினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கருங்கலுக்கு வரும்போது எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் அக்கா, காசு வேண்டாம்.

தேரூர் குளக்கரை:
அண்ணன் மனசு பெரிது, ஆனால் இடம் மாறினால் பூனை மிரண்டு ஓடிவிடும். எதிர்வீட்டு அக்கா வந்து பார்ப்பதே நல்லது. குட்டிக்கு இப்போது எத்தனை வாரம்?

வடசேரி மாடிவீடு:
ஐந்து வாரம் இருக்கும். எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். ஜன்னலுக்கு வலை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறோம்.

தேரூர் குளக்கரை:
எட்டு வாரம் ஆகாமல் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், இன்னும் இரண்டு மூன்று வாரம் கூடுதலாக இருந்தால் மிகவும் நல்லது. முதல் தடுப்பூசியும் அந்தச் சமயத்தில்தான், ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். பெண் குட்டி என்றால் நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வடசேரி மாடிவீடு:
தாய்ப் பூனைக்கும் செய்யச் சொல்லி எதிர்வீட்டு அக்காவிடம் பேசப்போகிறேன், செலவில் பாதியை நாங்கள் தருகிறோம். உடனே செய்யலாமா?

தேரூர் குளக்கரை:
பால்குடி நின்று, பால் வற்றட்டும். ஆனால் குட்டிகள் குடிக்கும்போதே தாய் மறுபடி சினையாகிவிடும், கருத்தடை முடியும்வரை வெளியே விட வேண்டாம் என்று அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.