விமர்சகர்களை நம்பி அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி:
விமர்சகர்கள் கொண்டாடினார்களே என்று 2024இல் ‘கொட்டுக்காளி’க்கு அம்மாவுடன் போனேன். பின்னணி இசையே கிடையாது, ஆட்டோ இரைச்சல்தான். படம் முடிந்ததும், “மீதிக் கதை எங்கேடா?” என்றார். பெர்லின் விழாவில் திரையிட்ட படம் என்றேன். முறைத்தார். இனி யாரை நம்புவது?

பதில் 1:
அம்மா கேட்டதும் விமர்சனம்தான். ஆனால் கால் கட்டப்பட்ட அந்தச் சேவலைக் கவனித்தாரா? நாயகி மீனாவும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறாள்!

பதில் 2:
‘மெய்யழகன்’ நீளம் என்று பலர் எழுதினார்கள். வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டினார்கள். எனக்கோ படத்தில் வரும் அந்த இரவுப் பேச்சு விடியும்வரை ஓடியிருக்கலாம். நீளத்தைப் பற்றி விமர்சகர் சொன்னால் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கேட்டவர்:
சேவலைச் சொன்னேன். “பாவம், தண்ணீராவது வைத்தார்களா?” என்கிறார். அடுத்து ‘லப்பர் பந்து’ போடுகிறேன். விஜயகாந்த் பாட்டு வந்தால் போதும் அவருக்கு.