கரையோரக் கப்பலும் எட்டாத தொலைவும்

குழு: தூத்தூர் கடற்கரை உறவுகள்

ஜெரின்: சேவியர் மாமா, 2025 ஜூன் 18 அன்று விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்க்கப்பட்ட ‘அர்னாலா’ என்ற நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பலின் நீளம் சுமார் 77 மீட்டர்தான். இந்த வகையில் 16 கப்பல்களைக் கட்டுவதற்குப் பதிலாகப் பெரிய போர்க்கப்பல்கள் சிலவற்றைக் கட்டியிருக்கலாமே?

சேவியர் மாமா: கடற்படையில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஜெரின். ஆழம் குறைந்த கடலில், ஒலியால் நீருக்கடியில் தேடும் சோனார் கருவி அனுப்பும் ஒலி, கடலடித் தரையிலும் நீர்மட்டத்திலும் மாறி மாறி மோதித் திரும்புவதால், பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியின் எதிரொலியைப் பிரித்தறிவது மிகக் கடினம். அந்த வேலைக்கென்றே இவை கட்டப்படுகின்றன. நீரைப் பின்னோக்கிப் பீய்ச்சித் தள்ளும் வாட்டர்ஜெட்டில் ஓடுவதால், பெரிய கப்பல் நுழையத் தயங்கும் இடத்திலும் இவை எளிதாக வளைந்து திரும்பும். துறைமுக வாசலைக் காக்க நாசகாரி எனப்படும் பெரிய போர்க்கப்பல் ஒன்றை நிறுத்தி வைப்பது வீண்செலவு என்பதே என் கருத்து.

ஸ்டெல்லா: அண்ணா, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் விசைப்படகுகள் பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்கல் மீன்பிடிப்புக்காக ஆழ்கடலில் இருந்தன. அவ்வளவு தொலைவுக்கு இத்தகைய கப்பல்களால் உதவிக்கு வர முடியுமா?

சேவியர் மாமா: கரையோரக் கப்பல்களின் எல்லை அங்கேதான் தெரிகிறது, ஸ்டெல்லா. அந்தத் தொலைவை 200 கடல் மைல் என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 370 கிலோமீட்டர். மணிக்கு 25 கடல் மைல் ஓடும் கப்பல், கடல் அமைதியாக இருந்தாலே அங்கே போய்ச் சேர 8 மணி நேரம் ஆகும், புயல் அலையிலோ சிறிய கப்பலால் அந்த வேகத்தில் ஓடவே முடியாது. கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் விரைவாகச் சென்று தேடும், மிதவையையும் போடும், ஆனால் தண்ணீரில் கிடப்பவரைத் தூக்க அதனால் இயலாது. ஹெலிகாப்டர் தூக்கும். ஆனால் அது கரையிலிருந்து புறப்பட்டால், எரிபொருளில் பெரும்பகுதி போகவும் வரவுமே செலவாகி, அந்தரத்தில் நின்று ஆட்களை மீட்கக் குறைந்த நேரமே மிஞ்சும். ஆகவே ஹெலிகாப்டரைத் தன் தளத்தில் சுமக்கும் பெரிய ரோந்துக் கப்பல் ஒன்று முன்கூட்டியே ஆழ்கடலில் நின்றிருக்க வேண்டும்.

ஜெரின்: குளச்சலில் அதிவேகப் படகுகளை நிறுத்த வேண்டும் என்று மனு எழுத நினைத்திருந்தேன். அது தேவையில்லையா, மாமா?

சேவியர் மாமா: கட்டாயம் கேள். 12 கடல் மைலுக்குள் ஒரு வள்ளம் கவிழ்ந்தால் முதலில் வந்து சேர்வது அந்தப் படகுதான். அதோடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் காலத்தில் பெரிய ரோந்துக் கப்பலை அரபிக்கடலில் நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது.

ஸ்டெல்லா: படகில் உள்ள வயர்லெஸ் தொடுவானத்தைத் தாண்டி அதிகம் எட்டாது. செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் செய்தி அனுப்பும் இஸ்ரோவின் கருவி நம் எல்லாப் படகுகளிலும் இருக்க வேண்டும் என்பதையும் எழுது, ஜெரின். எந்தப் படகில் அது இருக்கிறது, எதில் இல்லை என்பதைப் பதிவு எண்ணோடு உரிமையாளர்கள் எல்லோரும் ஞாயிறு பூசைக்கு முன் இங்கே தெரிவியுங்கள்.