ஸ்டூ ஹார்ட் வீட்டுக் கீழ்த்தளத்தில் படித்தவர்கள்

குழு: நம்ம குடும்பம்

ரவி மாமா: பிரவீன், "ரெஸ்லிங்கே பொய், அதற்கு எதற்கு ஸ்கூல்?" என்று கேட்டாய் இல்லையா, இங்கேயே பதில் சொல்கிறேன். யார் ஜெயிப்பது என்பதைத்தான் முன்கூட்டி முடிவு செய்வார்கள். முதுகு தரையில் மோதுவது நிஜம்தான். எதிராளியின் கழுத்து உடையாமல் தூக்கிப் போடுவதும் நிஜமான வேலை. அதைக் கற்காமல் ரிங்குக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பிரவீன்: எங்கே கற்றுக்கொள்வார்கள் மாமா?

ரவி மாமா: எனக்குப் பிடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள். கனடாவில் கால்கரி. ஸ்டூ ஹார்ட் என்ற பெரியவர் 1951இல் வாங்கிய வீடு. அதன் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை, தலையில் இடிக்கும் அளவு தாழ்ந்த கூரை, தரையிலும் சுவரிலும் மேட். அதற்கு 'டன்ஜன்' (பாதாளச் சிறை) என்று பெயர். ஸ்டூ அமெச்சூர் மல்யுத்தத்தில் கனடா சாம்பியன். புதிதாக வருபவனை முதலில் நிஜப் பிடியில் மாட்டிக் கதறவிடுவார். அந்தச் சத்தம் மாடி வரைக்கும் கேட்குமாம்.

சுதா அக்கா: அவருக்கு 12 பிள்ளைகள். எட்டு மகன்களும் ரெஸ்லிங் பக்கம் வந்துவிட்டார்கள்.

பிரவீன்: அதில் பெஸ்ட் யார்?

ரவி மாமா: பிரெட் ஹார்ட். ரெஸ்லிங் படம் போட்ட ட்ரம்ப் கார்டு சீட்டில் பிங்க், கறுப்பு உடையில் இருப்பாரே, அவர்தான்.

முரளி: மாமா சொல்வதோடு நான் ஒத்துப்போகவில்லை. என் ஓட்டு ஓவனுக்குத்தான். பிரெட்டின் கடைசித் தம்பி. மேல் கயிற்றிலிருந்து பாயவும் தெரியும், தரையில் பிடிபோடவும் தெரியும். 1994 ரெஸ்ல்மேனியா என்ற பெரிய ஷோவில் அண்ணனையே ஜெயித்தார். பிரெட் அவர் தோள்மேல் ஏறி உருட்டப் பார்ப்பார், ஓவன் அப்படியே மேலே உட்கார்ந்து, தோள்களைத் தரையில் அழுத்திப் பிடித்து 'பின்' செய்துவிடுவார். மேட்ச் முழுக்க அண்ணன்மேல் ஒரு ஆத்திரம் முகத்தில் தெரியும்.

ரவி மாமா: நீ சொன்னதில்தான் என் பதிலும் இருக்கிறது முரளி. 1992 சம்மர்ஸ்லாம், அதுவும் ஒரு பெரிய ஷோ, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம், தங்கை புருஷன் பிரிட்டிஷ் புல்டாக் எதிரே. அங்கேயும் பிரெட் தலைக்கு மேலே தாவி உருட்டப் போவார், புல்டாக் உட்கார்ந்து காலைப் பூட்டி ஜெயிப்பார். இரண்டு தடவையும் தோற்றது பிரெட், பெரிய ஆளாக எழுந்தது எதிரில் இருந்தவர். அதிலும் வெம்ப்ளியில் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே புல்டாக்குக்கு மூச்சு வாங்கி, திட்டம் போட்டதெல்லாம் மறந்துபோனது. அடுத்தது என்ன என்று காதோடு சொல்லிச் சொல்லி முழு மேட்ச்சையும் பிரெட்தான் நடத்தினார். அவரே பின்னால் சொன்ன விஷயம் இது. டன்ஜனில் கற்றதன் பலன் இதுதான் என்பேன்.

சுதா அக்கா: மாமா, புல்டாக் அடிப்படை கற்றது இங்கிலாந்தில். அவரோடு ஜோடியாக ஆடிய டைனமைட் கிட்டும் அப்படித்தான்.

ரவி மாமா: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சின்ன வயதிலேயே கால்கரிக்கு வந்து ஸ்டூ நடத்திய ஸ்டாம்பீட் ரெஸ்லிங் என்ற கம்பெனியில் தேறினார்கள். அவர்களைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.

பிரவீன்: ரெஸ்லர் கிரிஸ் ஜெரிக்கோவும் அங்கே கற்றவர்தானே?

முரளி: அது பாதி உண்மை. 1990இல் அவர் சேர்ந்தது ஹார்ட் சகோதரர்கள் பெயரில், கால்கரி பக்கத்தில் ஓக்டோக்ஸ் என்ற ஊரில் நடந்த பயிற்சி கேம்ப். ஸ்டூவின் கீழ்த்தளத்தில் அடிவாங்கி வளர்ந்தவர் இல்லை. லான்ஸ் ஸ்டார்மும் அதே பேட்ச். அந்த வருடம் அக்டோபரில் பொனோக்கா என்ற ஊரில் இரண்டு பேருக்கும் முதல் மேட்ச், அதுவும் ஒருவருக்கொருவர் எதிராக. டிரா ஆனது.

சுதா அக்கா: நீங்கள் யாருமே நடாலியா பெயரைச் சொல்லவில்லை! ஸ்டூவின் பேத்தி, ரெஸ்லர் ஜிம் நைட்ஹார்ட்டின் மகள். இப்போதும் ஷார்ப்ஷூட்டர் போடுகிறார். காலைப் பின்னி, எதிராளியைக் குப்புறத் திருப்பிவிட்டு முதுகை வளைத்து உட்காரும் அந்தப் பிடி பெரியப்பா, சித்தப்பா கையிலிருந்து அவர் கைக்கு வந்ததாகவே எனக்குத் தோன்றும். அவர் கணவர் டைசன் கிட்டும் டன்ஜன்காரர். 2015இல் கழுத்தில் அடிபட்டு ஆட முடியாமல் போனது. இப்போது இரண்டு பேரும் புளோரிடாவில் வீட்டருகே ரிங் போட்டு இளையவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதற்காகவே என் ஓட்டு அவர்களுக்கு.

ரவி மாமா: பெரியப்பா, சித்தப்பா இல்லை சுதா, பிரெட்டும் ஓவனும் நடாலியாவுக்குத் தாய்மாமன்கள். அவள் அம்மா எல்லி, ஸ்டூவின் மகள்.

சுதா அக்கா: ஆமாம், தாய்மாமன்கள்தான் 🙏

சித்தி: ஓவன் இப்போது என்ன செய்கிறார்?

முரளி: இறந்துவிட்டார் சித்தி. 1999 மே 23, கான்சஸ் சிட்டி. மேலேயிருந்து கயிற்றில் இறங்கும் காட்சிக்காக ஏற்றினார்கள், கொக்கி விடுபட்டு ரிங்கில் விழுந்தார். வயது 34. ரெஸ்லிங்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையில் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சித்தி: ஐயோ. பெற்றவர்கள் இருந்தார்களா?

முரளி: இரண்டு பேரும் இருந்தார்கள் சித்தி.

பிரவீன்: மாமா, 1994 அண்ணன் தம்பி மேட்ச் இப்போதுதான் பார்த்தேன். சூப்பர். திரும்ப மோதினார்களா?

ரவி மாமா: அதே வருடம் ஆகஸ்டில், சிகாகோவில், கூண்டுக்குள். அரை மணிக்கு மேல் ஓடும், சாப்பிட்டுவிட்டு உட்கார்.